குழிக்குள் அரப்பு வாசம்

விடைபெறும் கூட்டத்தில் எனக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "முப்பது வருஷமா குழிக்குள்ளயே இருந்திருக்கீங்க. உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்த குழி எதுண்ணா?" என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முன் வரிசையிலிருந்து கேட்டார்கள். "எல்லாக் குழியும் ஒண்ணுதாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கைதட்டினார்கள்.

நான் சொன்னது பொய். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் கட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் அவர்கள் கேட்டதற்குப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வயது ஐம்பத்து நான்கு. முட்டி தேய்ந்துபோனதால் முன்கூட்டியே ஓய்வு கேட்டு வாங்கிக்கொண்டேன். எங்கள் வேலை மண்டியிட்டுச் செய்கிற வேலை. பழங்கால மனிதர்கள் குடியிருந்த இடங்களை, புதைக்கப்பட்ட இடங்களை, அரசு அனுமதியோடு தோண்டிப் பார்க்கும் அலுவலகத்தில் நான் குழி மேஸ்திரி. படிப்பு பத்தாவது. ஊர் புதுச்சத்திரம் பக்கம். என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் லாரிக்குப் போனார்கள், மீதிப்பேர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்குப் போனார்கள். அவர்கள் ஒரே நாளில் எண்ணூறு அடி இறங்குவார்கள். நான் முப்பது வருடத்தில் எந்தக் குழியிலும் பத்தடியைத் தாண்டியதில்லை. ஊருக்குப் போனால் இதைச் சொல்லித்தான் கேலி செய்வார்கள்.

வேலை கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் பழங்காலப் புதைகுழியைச் சுற்றி நிற்கும் கல்வட்டம் ஒன்றைத் தோண்ட வந்தார்கள். தினக்கூலிக்குப் போனேன். மண் சுமந்தேன், சல்லடை பிடித்தேன், பானை ஓடு கழுவினேன். அவர்கள் கிளம்பும்போது என்னையும் கூட்டிக்கொண்டார்கள். முதல் வருடம் மண்ணிலிருந்து எட்டிப் பார்த்த ஓடு ஒன்றை விரலால் பிடித்து இழுத்துவிட்டேன். மேலே நின்றிருந்த அகழாய்வு அதிகாரி திலகவதி மேடம், "பல்லா பிடுங்குறீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான் திட்டு. அதற்குப் பிறகு நான் எதையும் இழுத்ததில்லை. சுற்றிலும் மண்ணை எடுத்து, அந்தப் பொருள் தானாக நிற்கும்வரை காத்திருக்கப் பழகிக்கொண்டேன்.

திலகவதி மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரைப் பக்கத்துக்காரர். குழிக்குள் செருப்போடு இறங்கமாட்டார். குடையைப் பிடித்தபடி மேட்டில் நிற்பவர், ஏதாவது தட்டுப்பட்டால் குடையை அங்கேயே போட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கிவிடுவார். யாரையும் அதட்டிப் பார்த்ததில்லை. எதைக் கேட்டாலும் இரண்டு முறை கேட்பார். முதல் பதிலுக்கும் இரண்டாவது பதிலுக்கும் வித்தியாசம் இருந்தால் மூன்றாவது முறை கேட்கமாட்டார். நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அது அதட்டலைவிட மோசம்.

இப்போதெல்லாம் குழிமேட்டில் மூன்று கால் வைத்த கருவி ஒன்றை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு பொருள் எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்பதை அதுவே எழுதிக்கொள்கிறது. எங்கள் காலத்தில் டேப்பும் தூக்குக் குண்டும்தான். பொருளை எடுக்குமுன் மேஸ்திரி உள்ளே இருந்து அளந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். குழி ஓரத்தில் அடித்த வடக்கு முளையிலிருந்து இவ்வளவு, கிழக்கு முளையிலிருந்து இவ்வளவு, ஆழம் இவ்வளவு. மேடம் மேலே இருந்து அதை அப்படியே திருப்பிச் சொல்வார். மேஸ்திரி "சரிங்க" என்பான். அந்தச் "சரிங்க" வந்த பிறகுதான் ஏட்டில் மையால் எழுதுவார். எழுதியதை அழிக்கும் வழக்கம் கிடையாது. தப்பாக இருந்தால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், ஒரு பொருள் எவ்வளவு பெரியது, எவ்வளவு அழகானது என்பதெல்லாம் எங்கள் வேலையில் இரண்டாவது. அது எங்கே கிடந்தது என்பதுதான் முதல். மண்ணை விட்டு எடுத்துவிட்டால் அந்த இடம் போய்விடும். பிறகு மிஞ்சுவது மேஸ்திரியின் வாயும் மேடத்தின் ஏடும்தான்.

ஏழெட்டு வருடங்களுக்கு முன் நாமகிரிப்பேட்டைக்கு வடக்கே, கரடு என்று சொல்கிற சின்னப் பாறைக் குன்றின் அடிவாரத்தில் குழி போட்டோம். ஊர்ப் பெயரை எழுதவில்லை, காரணம் படிக்கும்போது தெரியும். மஞ்சளும் குச்சிக்கிழங்கும் விளைகிற ஊர். கரட்டடியில் ஒரு பிள்ளையார். கூரை கிடையாது, வேப்பமரம்தான். அந்தப் பிள்ளையாருக்கு முன்னால் முப்பது நாற்பது கற்கள் வரிசையாக நட்டு வைக்கப்பட்டிருக்கும். உள்ளங்கை நீளம், கறுப்பு நிறம், ஒரு முனை கூர்மை, உடம்பெல்லாம் வழவழப்பு. ஏர் ஓட்டும்போது காட்டில், அதாவது உழவு நிலத்தில், கிடைப்பவை. வானத்திலிருந்து இடியோடு விழுந்தவை என்று ஊர்க்காரர்கள் நம்பினார்கள். கிடைத்தவுடன் கொண்டுவந்து பிள்ளையார் முன் வைத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் பூசி விளக்கு வைப்பார்கள்.

உண்மையில் அவை கோடரிகள். இரும்பு என்றால் என்னவென்றே தெரியாத காலத்து மனிதர்கள் கல்லைத் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கிச் செய்தவை. அத்தனை கோடரிகள் கிடைக்கிறதென்றால் அங்கே குடியிருப்பு இருந்திருக்க வேண்டும். ஆனால் பிள்ளையார் முன் இருக்கும் கல்லை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்று யாருக்கும் தெரியாதே. மண்ணுக்குள்ளிருந்து ஒன்று வர வேண்டும். அதற்காகத்தான் போனோம்.

ஊருக்கோ வேறு அவசரம் இருந்தது. அந்தக் கரட்டைக் கல்குவாரிக்குக் கேட்டு யாரோ மனுப் போட்டிருந்தார்கள். பக்கத்துக் கரட்டில் ஏற்கெனவே வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் ஒரு மணிக்குச் சங்கு ஊதும், பிறகு தரை அதிரும். எங்கள் குழியின் ஓரத்திலிருந்து மண் பொலபொலவென்று உதிரும். இந்தக் கரட்டடியில் பழங்காலக் குடியிருப்பு இருந்தது என்று எங்கள் அலுவலகம் எழுதிக் கொடுத்தால் குவாரிக்கு அனுமதி கிடைக்காது. ஊரில் குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது.

எங்களிடம் வேலைக்கு வந்த உள்ளூர்க்காரர்களில் பாவாயி முக்கியமானவள். ஐம்பது வயதை நெருங்கியவள். கரட்டடியில் முதல் வீடு அவளுடையது. புருஷன் இல்லை. மகளை நாமகிரிப்பேட்டையில் கட்டிக் கொடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கும் அந்தக் கற்களுக்கும் எண்ணெய் பூசுவது அவள் பொறுப்பு. எங்களிடம் சல்லடை பார்த்தாள். அவள் கண்ணுக்குத் தப்பிச் சின்ன மணிகூட மண்ணோடு போகாது. வாயும் அப்படித்தான்.

"ஏனுங்க மேஸ்திரி, பதினஞ்சு நாளா சுரண்டுறீங்க. என்ற மாமியா அடுப்படிய இதவிட வேகமா சுரண்டுவா" என்பாள். நான் பதில் சொல்லமாட்டேன். "பேசுனா மண்ணு கோவிச்சுக்குமாக்கும்" என்று சின்னதுரை எடுத்துக் கொடுப்பான். அவன் மண் சுமக்கிறவன். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஆனால் மூன்றாவது வாரம் சிரிப்பு குறைந்துவிட்டது. ஒரு கூடை பானை ஓட்டைத் தவிர குழியில் எதுவும் கிடைக்கவில்லை. அனுமதி முடிய ஆறு நாள் இருந்தது. குவாரி மனுமீது விசாரணை அதற்கடுத்த வாரம். ஒருநாள் வெடி வைத்த பிறகு பாவாயி என்னை அவள் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினாள். வாசல் நிலைக்கு மேலிருந்து மூலைவரை விரிசல். அதில் அவள் பழைய துணியைத் திணித்து வைத்திருந்தாள்.

"அக்கட்டால இருக்குற கரட்டுல வெடி வெச்சதுக்கே இப்பிடிங்க. இந்தக் கரட்டுல வெச்சா என்ற ஊடு நிக்குமா, சொல்லுங்க?"

"நிக்காதுங்க" என்றேன்.

"அப்ப எதையாச்சும் கண்டுபுடிங்க சாமி."

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் அது நடந்தது.

காலையில் குழியை மூடியிருக்கும் தார்ப்பாயை எடுத்து வைப்பது பாவாயியின் வேலை. வீடு பக்கத்தில் என்பதால் எங்களுக்கு முன்பே வந்துவிடுவாள். அன்றும் நாங்கள் போனபோது தார்ப்பாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான் தென்கிழக்கு மூலையில் உட்கார்ந்து கொத்தனார் கரணையால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பத்து மணி இருக்கும். கரணை நுனி 'டிக்' என்றது. கருங்கல் சத்தம். பிரஷ்ஷை எடுத்துத் துடைத்தேன். கறுப்பாக, வழவழப்பாக ஒரு முனை தெரிந்தது.

"மேடம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த சின்னதுரை எட்டிப் பார்த்துவிட்டு, "கோடாலி! கோடாலி வந்திருச்சுங்கோ!" என்று கத்தினான். மேடம் குடையைப் போட்டுவிட்டு இறங்கினார். சல்லடைக்காரர்கள், மண் சுமப்பவர்கள், காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் குழிமேட்டுக்கு ஓடிவந்தார்கள்.

நான் குனிந்து சுற்றிலும் மண்ணை எடுத்தேன். மூக்கு மண்ணைத் தொடுகிற அளவுக்குக் குனிந்துதான் அதைச் செய்ய முடியும். அப்போது எனக்கு ஒரு வாசம் அடித்தது. அரப்பு.

உசிலை இலையைக் காயவைத்து இடித்தால் வருகிற பச்சைப்பொடிதான் அரப்பு. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது பிசுக்குப் போகத் தலைக்குத் தேய்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்த வாசம் சனிக்கிழமை வாசம். இரண்டடி ஆழத்தில், ஆயிரக்கணக்கான வருடங்களாக யாரும் தொடாத மண்ணில், அரப்பு எப்படி வரும்? பிரஷ்ஷால் இன்னொரு முறை துடைத்தேன். கல்லில் ஒரு சின்ன வடு. அதற்குள் பச்சையாகத் துகள். கல்லைச் சுற்றி இருந்த மண் பொதபொதவென்று இருந்தது. மற்ற இடத்தில் கரணைக்கே மசியாத மண், இங்கே விரலுக்கு வந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையார் முன் இருந்த கல் இது. எண்ணெய்ப் பிசுக்குப் போக அரப்புப் போட்டுக் கழுவி, காலையில் குழி தோண்டிப் புதைத்திருக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தேன். மேட்டில் இருபது முப்பது முகங்கள். எல்லோரும் கல்லைப் பார்த்தார்கள். பாவாயி மட்டும் என்னைப் பார்த்தாள்.

"அளங்க முத்துசாமி" என்றார் மேடம். அவருக்கு அரப்பு பழக்கமில்லை. அவர்கள் பக்கம் சீயக்காய்தான்.

கை தன் பாட்டுக்கு டேப்பைப் பிடித்தது. "வடக்கிலிருந்து ஒண்ணு நாப்பது. கிழக்கிலிருந்து எம்பத்தஞ்சு. ஆழம் அறுபத்தி ரெண்டு சென்டி."

மேடம் திருப்பிச் சொன்னார். ஒன்று நாற்பது, எண்பத்தைந்து, அறுபத்திரண்டு. பேனாவைத் திறந்து காத்திருந்தார். நான் வாயைத் திறந்து, "மேடம், கொஞ்சம் இருங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். அத்தனை முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு நாக்கு எழவில்லை. எழுந்தபோது வந்தது ஒரே வார்த்தைதான்.

"சரிங்க."

அவர் எழுதினார்.

அன்று பகல் முழுக்க ஊரே கொண்டாடியது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். யாரோ ஒரு தூக்கு நிறைய டீயும் போண்டாவும் கொண்டுவந்தார்கள். மேடம் கல்லைப் பஞ்சில் வைத்துப் படமெடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. அனுமதியை இன்னும் ஒரு மாதம் நீட்டுவதாகவும், மறுநாளே மாவட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுவதாகவும் சொன்னார்களாம். மேடம் அதைச் சொல்லும்போது சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். என் போண்டாவைச் சின்னதுரையிடம் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு பிள்ளையாரிடம் போனேன். கற்களின் வரிசையில் ஓர் இடம் காலி. மண்ணில் எண்ணெய் ஊறிய கறுப்புப் பள்ளம், அதில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பாவாயி.

"பாத்துப்போட்டீங்களா?" என்றாள்.

"அரப்பு வாசம் அடிச்சுது பாவாயி."

"அய்யோ! எண்ணெ வாசம் போகோணும்னுதானுங்க ரெண்டு தடவ தேச்சேன்."

கோபப்படத்தான் போயிருந்தேன், முடியவில்லை. அவளே வேப்பமரத்து வேரில் உட்கார்ந்துகொண்டாள்.

"இதுல என்னுங்க பொய் இருக்குது? என்ற மாமனாரு இதே காட்டுல ஏர் ஓட்டறப்பத்தான் இந்தக் கல்லு வந்துச்சு. மண்ணுல இருந்து எடுத்தத மண்ணுலயே வெச்சேன். திருடியாங்க கொண்டாந்தேன்?"

"எந்த எடத்துல வந்துச்சு? எத்தன அடியில?"

"அது ஆருக்குத் தெரியும்?"

"அதுதான் பாவாயி வேணும்."

"எனக்கு ஊடு வேணுமுங்க" என்றாள்.

அன்று இரவு நான் தூங்கவில்லை. சொன்னால் ஊர் போய்விடும், சொல்லாவிட்டால் மேடத்தின் ஏட்டில் பொய் நின்றுவிடும். விடியும்போது, சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன். கல் அந்தக் காட்டுக் கல்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை, கோடரி இருந்த இடத்துக்குக் கீழே கரணையை வைத்தேன். விரலளவு மண் எடுத்ததும் நிறம் மாறியது. சாம்பல் நிறம். அதன் ஓரத்தில் சுட்ட செங்கல்போலச் சிவந்த மண். நடுவே கரித்துண்டுகள். அடுப்பு. யாரோ சமைத்த அடுப்பு. அந்தச் சாம்பலுக்கு நடுவில், தட்டு அகலத்துக்கு ஒரு பொதபொத வட்டம். அதன் விளிம்பில் களைக்கொத்து வெட்டிய தடம், நகம் கீறியதுபோல நாலைந்து. பாவாயி கல்லைப் புதைக்கத் தோண்டிய குழி அந்த அடுப்பின் நடு வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கியிருந்தது.

மேடம் பார்த்துவிட்டார். செருப்பைக் கழற்றியது எப்போது என்றே தெரியவில்லை, பக்கத்தில் வந்து மண்டியிட்டார்.

"முத்துசாமி, அடுப்பு! கோடரியும் அடுப்பும் ஒரே மட்டத்துல! இதவிட என்ன வேணும்?" பெட்டியிலிருந்து வெள்ளித்தாளை எடுத்தார். கரித்துண்டை அதில் பொதிந்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் அது எத்தனை வருடத்துக்கு முந்தையது என்று சொல்லிவிடுவார்கள். அவர் இடுக்கியை நீட்டிய இடம் அந்தப் பொதபொத வட்டம். நேற்றைய மண்ணும் பழைய மண்ணும் கலந்து கிடக்கிற இடம்.

நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். அத்தனை வருட வேலையில் ஒரு நாளும் அவரைத் தொட்டதில்லை. அவர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"மேடம், நேத்து நான் சொன்ன அளவு சரியில்லைங்க."

"டேப் தப்பா?"

"டேப் சரிங்க. கல்லுதான் இங்க கெடந்ததில்ல. யாரோ வெச்சிருக்காங்க. அரப்புப் போட்டுக் கழுவி வெச்சிருக்காங்க."

மேடம் இடுக்கியைக் கீழே வைத்தார். அந்த வட்டத்தைப் பார்த்தார், களைக்கொத்துத் தடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"நேத்தேங்க."

"எப்போ தெரியும்?"

"அளக்கறப்பவே தெரியுமுங்க."

"சரிங்கன்னு சொன்னீங்க."

"சொன்னேங்க."

அவர் மூன்றாவது முறை கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முட்டி வலித்தது, நான் அசையவில்லை. சல்லடை ஆடும் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"நாந்தானுங்க" என்று பாவாயியின் குரல் கேட்டது. சல்லடையைக் கீழே வைத்துவிட்டுக் குழி ஓரத்தில் வந்து நின்றாள். "மேஸ்திரி மேல தப்பில்லீங்க. நாந்தான் வெச்சேன்."

மேடம் ஏட்டை எடுத்தார். முந்தின நாள் எழுதிய வரியின் மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில், நடந்ததை என்னையே சொல்லச் சொல்லி, என் வார்த்தையிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினார். பிறகு கைபேசியை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் போனார். நாங்கள் தூரத்திலிருந்து பார்த்தோம். அவர் பேசியது கொஞ்சம், கேட்டுக்கொண்டது அதிகம். தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்.

திரும்பி வந்து இரண்டே விஷயம் சொன்னார். ஒரு மாத நீட்டிப்பு ரத்து. பழைய அனுமதியில் மிச்சமிருந்த மூன்று நாளும் இல்லை, நாளை மாலைக்குள் குழியை மூட வேண்டும்.

"இந்த அடுப்பு நெசமானதுதானுங்களே?" என்று சின்னதுரை கேட்டான்.

"நிஜம்தான். ஆனா நேத்து கோடரின்னு சொன்ன வாய்தானே இன்னைக்கு அடுப்புன்னு சொல்லுதுன்னு கேக்குறாங்க" என்றார் மேடம்.

அந்த வாய் என் வாய். அவர் அப்படிச் சொல்லவில்லை.

அடுப்பில் பாதிதான் எங்கள் குழிக்குள் இருந்தது. மீதிப்பாதி மண்தடுப்புக்குள் ஓடியது. இரண்டு குழிகளுக்கு நடுவே ஓரடி அகலத்துக்குத் தொடாமல் விடுகிற மண்சுவரைத்தான் மண்தடுப்பு என்போம். எந்த அடுக்குக்கு மேல் எந்த அடுக்கு என்பதற்கு அதுதான் சாட்சி, கடைசிவரை அதில் கை வைக்கமாட்டோம். மேடம் அதைப் படமெடுத்து, வரைந்து முடித்து, "இதையும் வெட்டி இறக்குங்க" என்றார். போதமலைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை இறங்கினால் சாம்பல் கரைந்துவிடும்.

வேலையை விட்டுப் போகச் சொல்வார்கள் என்று பாவாயி முந்தானையை உதறிக்கொண்டு நின்றாள். மேடம் அவளிடம் சல்லடையை நீட்டினார்.

"உங்க கண்ணு எனக்கு வேணும். ஒரு சிட்டிகை மண்ணு பாக்காமப் போகக் கூடாது."

அன்று சாயங்காலம்வரையும் மறுநாளும் அதே வேலைதான். மேலிருந்து ஒவ்வோர் அடுக்காக எடுத்தேன். நான் அளவு சொன்னேன், மேடம் திருப்பிச் சொன்னார், நான் "சரிங்க" சொல்லுமுன் ஒவ்வொரு முறையும் அவர் என் முகத்தைப் பார்த்தார். முன்பெல்லாம் ஏட்டைத்தான் பார்ப்பார். மத்தியானம் வெடி வைத்தபோது மண்தடுப்பில் கை வைத்து அணைத்துக்கொண்டேன். தூறல் விழுந்தது. நாலு பேர் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்தார்கள். அந்த நீல வெளிச்சத்துக்குள் அடுப்பின் மறுபாதி வந்தது. யாரும் தொடாதது. மூன்று கற்களில் இரண்டு நட்டபடியே இருந்தன. சாம்பலுக்கு நடுவில் சுத்தமான கரி. சூட்டில் வெடித்த அரைக்கும் கல் பாதி. பாவாயியின் சல்லடையில் கருகிய எலும்புத் துண்டுகள். கோடரி வரவில்லை.

மழை பெரிதாகுமுன் கரியைப் பொதிந்துவிட்டோம். மாலையில் குழியை மூடினோம். பிள்ளையார் கல்லை மேடம் பாவாயியிடமே கொடுத்து, இருந்த இடத்தில் வைக்கச் சொன்னார்.

விசாரணையில் எங்கள் அறிக்கை படிக்கப்பட்டது. அடுப்பு ஒன்று, குடியிருப்பின் சிறு பகுதி, மேலும் தோண்டிப் பார்க்க நேரமில்லை. இவ்வளவுதான் எழுத முடிந்தது. ஓர் அடுப்புக்காக முழுக் கரட்டையும் விட்டுவிட முடியாது என்று முடிவு செய்தார்கள். காட்டை ஒட்டிய பாதியை விட்டுவிட்டு, மறுபாதியைக் குவாரிக்குக் கொடுத்தார்கள். பாவாயியின் வீடு இரண்டு பாதியும் சேருகிற இடத்தின் அடியில். ஒரு வருடத்தில் பின்சுவர் விழுந்தது. மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஊரில் என்னைத் திட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். மேஸ்திரி வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் முழுக் கரடும் நின்றிருக்கும் என்று பேசினார்களாம். அவர்கள் கணக்கு வேறு, என் கணக்கு வேறு. அளக்கும்போதே நான் சொல்லியிருந்தால், அது குழிக்குள் எங்களுக்குள்ளேயே முடிந்திருக்கும். தலைமை அலுவலகத்துக்குப் படம் போயிருக்காது, நம்பிக்கை போயிருக்காது. மறுநாள் அடுப்பு எப்படியும் வந்திருக்கும். ஓர் அடுப்பைக் காட்டி ஒரு மாதம் கேட்டிருப்போம். ஒரு மாதத்தில் பக்கத்து வீட்டு அடுப்பும் அதற்கடுத்ததும் வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம். தேடிப் பார்க்க இருந்த நாட்களை என்னுடைய ஒரு வார்த்தை தின்றுவிட்டது. அந்த ஊர் இழந்தது நான் பேசியதால் அல்ல, ஒரு நாள் பேசாமல் இருந்ததால்.

போன மாசி மாதம் நாமகிரிப்பேட்டை பேருந்து நிறுத்தத்தில் பாவாயியைப் பார்த்தேன். கையில் எண்ணெய்ப் பாட்டில். வெள்ளிக்கிழமை. பிள்ளையாருக்கு விளக்குப் போடப் போகிறாள்.

"ஏனுங்க மேஸ்திரி, நொண்டுறீங்க?"

"முட்டி போச்சு பாவாயி. வேலைய விட்டுட்டேன்."

"மண்ணு கோவிச்சுக்கிச்சாட்டிருக்குது" என்று சிரித்தாள். பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு, "நீங்க சொல்லாம இருந்திருக்கலாமுங்க. எனக்கு அந்த வருத்தம் போகவே மாட்டேங்குது" என்றாள்.

அங்கே பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். ஆனாலும் சொன்னேன். மேலே எழுதியதை எல்லாம், பேருந்துக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன். முந்தின நாளே சொல்லாததுதான் என் தப்பு என்றும், அதனால்தான் அவள் வீடு போயிற்று என்றும் சொன்னேன். அவள் எண்ணெய்ப் பாட்டிலைக் கை மாற்றிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப நான் தோண்டுனதுதானுங்களே அந்த அடுப்பக் காட்டுச்சு? கரட்டுல நிக்கிற பாதி என்னாலதான?"

"இல்ல பாவாயி. இன்னும் விரல்கட மண்ணு எடுத்திருந்தா நானே அங்க வந்திருப்பேன். நீ தோண்டுனது அடுப்பக் கெடுத்துச்சு. கெட்டது போக மிச்சந்தான் நமக்குக் கெடச்சுது."

பேருந்து வந்து நின்றது. படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். முகத்தில் சிரிப்பில்லை.

"இத்தன பேரு முன்னால இன்னைக்கு இந்தப் பேச்சுப் பேசறீங்களே. இந்த வாயி அன்னைக்கு எங்கீங்க போச்சு?"

நான் பதில் சொல்லுமுன் நடத்துநர் விசில் ஊதிவிட்டார்.